ஏலாது, மாட்டன், போதும்: கடினமான விளையாட்டுகளும் திறனின் எல்லையும்

ஒரே எதிரியிடம் நூறு தடவை தோற்றவர் நூற்றோராவது தடவையும் போகத்தான் வேண்டுமா? கடினமான வீடியோ விளையாட்டுகளை ஆடுகிறவர்களிடையே இந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. ஆனால் கேள்வி விளையாட்டைவிட மிகப் பழையது. திருக்குறளின் பொருட்பாலில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, தெய்வமே துணை வராவிட்டாலும் உடம்பு வருந்திய அளவுக்குப் பலன் உண்டு என்கிறது. அதற்குப் பதினான்கு அதிகாரங்கள் முன்னால் வரும் வலியறிதலோ எச்சரிக்கிறது: மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும், மரக்கொம்பின் நுனிவரை ஏறியவர் அதையும் தாண்டினால் உயிர் போகும். முதல் விடை பள்ளி மேடைகளிலும் பரிசளிப்பு விழாக்களிலும் ஓயாமல் ஒலிக்கிறது. இரண்டாவதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு.

ஒஸ்லோவின் வடகிழக்கே, ஐந்தாம் இலக்க மெட்ரோ ரோட்வெட், கல்பாக்கன், அம்மெரூட் கடந்து குரோருட்டுக்கும் ரொம்சோஸுக்கும் ஏறும் பள்ளத்தாக்கில் இந்த இரண்டு விடைகளும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கின்றன. 1980களில் மாணவர்களாகவும் அகதிகளாகவும் நோர்வே வந்த ஈழத்தமிழர் பலர் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பிறகு தெற்கே வந்து ஒஸ்லோவின் இந்தப் பக்கத்தில் குடியேறினார்கள். முடியாது என்பதை ஏற்க மறுத்ததால் கரைசேர்ந்த தலைமுறை அது. அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்த நாடு வீடியோ விளையாட்டைப் பண்பாட்டின் ஒரு கிளையாகவே எடுத்துக்கொள்கிறது. டைக்மன் நூலகங்களில் புத்தகத்தோடு விளையாட்டையும் இரவல் வாங்கலாம். பேர்கனில் கார்னெஸ் மேல்நிலைப் பள்ளி 2016இலேயே மின்விளையாட்டைப் பாடமாகச் சேர்த்தது. 2024 முதல் 2026 வரைக்கென்று அரசு தனிக் கொள்கையே வகுத்தது. விளையாட்டு இப்படி மதிப்புப் பெறும்போது அதில் தோற்பதும் வீட்டில் பேசவேண்டிய விஷயமாகிறது.

ஈழத்துப் பேச்சுவழக்கில் நிறுத்துவதற்கு மூன்று சொற்கள் உண்டு. ‘ஏலாது’ என்றால் திறன் எட்டவில்லை. ‘மாட்டன்’ என்றால் விருப்பமில்லை. ‘போதும்’ என்றால் பெறவேண்டியதைப் பெற்றாயிற்று. உலகெங்கும் இந்தப் பொருளில் எழுதப்படுவதைப் படிக்கும்போது, இந்த மூன்றும் ஒன்றாகக் குழைக்கப்படுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு முக்கியமான நிலைப்பாடுகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## ஒரு சண்டையை அருகில் வைத்து

2022 பெப்ரவரியில் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘எல்டன் ரிங்’கில் மலீனியா என்றொரு எதிரி வருகிறாள். நீண்ட வாள், செந்நிறக் கூந்தல், ஒரு செயற்கைக் கை. அவள் அடி நம்மேல் பட்டால் அவளுடைய உயிர் சற்றுக் கூடுகிறது. கேடயத்தால் தடுத்தாலும் கூடுகிறது. அதனால் கவனமாகத் தடுத்து ஆடுவது என்ற வழக்கமான வழி இங்கே உதவாது. சண்டையின் நடுவே அவள் ஒரு கணம் அந்தரத்தில் எழுந்து நிற்பாள். பிறகு வாள்வீச்சு அலை அலையாக வரும். ஆட்டக்காரர்கள் இதை நீர்ப்பறவை நடனம் என்று அழைக்கிறார்கள். முதல் அலைக்கு விலகி ஓடவேண்டும், அடுத்ததற்கு அவளை நோக்கியே உருள வேண்டும், அதற்கடுத்ததற்குத் திசை மாற்ற வேண்டும். உயிர்க்கோடு முடிந்ததும் எழுந்து, இன்னும் கொடியவளாக இரண்டாம் பாகத்தைத் தொடங்குவாள்.

இங்கே ‘கடினம்’ என்று ஒரு சொல்லில் அடக்குவது உண்மையில் பல. எந்த அசைவுக்குப் பின் எது வரும் என்ற நினைவு ஒன்று. அந்த அசைவு தொடங்கும் நொடியைக் கண் பிடிப்பது இன்னொன்று. கண் பிடித்ததை விரல் நிறைவேற்றுவது மூன்றாவது. பத்து நிமிடம் நன்றாக ஆடியபின் கை நடுங்காமல் இருப்பது நான்காவது. ஒருவர் தன் எல்லையை எட்டிவிட்டேன் என்று சொல்லும்போது, இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே பெரும்பாலும் தெரியாது. நினைவுக் குறை பயிற்சியில் தீரும். விரலின் வேகக் குறை அவ்வளவு எளிதில் தீராது.

இன்னொரு செய்தி: மலீனியாவை வெல்லாமலே அந்த விளையாட்டை முடிக்கலாம். அவள் கதைப் பாதைக்கு வெளியே, தேடிப் போகிறவர்களுக்காக நிற்கிறாள்.

## முயன்றால் முடியும் என்போர்

இந்த நிலைப்பாட்டின் வேர் வணிகத்தில் இருக்கிறது. 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்த காலத்தில் ஒவ்வொரு தோல்வியும் இயந்திரத்துக்குள் விழும் இன்னொரு நாணயம். தோல்வி அடிக்கடி வரவேண்டும். ஆனால் அடுத்த தடவை வெல்லலாம் என்ற நம்பிக்கை சாகவும் கூடாது. அந்த அளவுகோலில்தான் கடினம் வெட்டித் தைக்கப்பட்டது. விளையாட்டு வீட்டுக்கு வந்தபின் நாணயம் போனது, பழக்கம் நிலைத்தது. 1986இல் ஜப்பானில் வெளியான இரண்டாவது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ அமெரிக்கர்களுக்கு மிதமிஞ்சிய கடினம் என்று நிறுத்திவைக்கப்பட்டு, 1993இல்தான் வேறு பெயரில் அங்கே போனது. 2009இன் ‘டீமன்ஸ் சோல்ஸ்’, 2011இன் ‘டார்க் சோல்ஸ்’ வந்தபின் கடினம் ஒரு பெருமையாகவே மாறியது. தோற்றவருக்குச் சொல்லப்படும் ஒரே மறுமொழி ‘கிட் குட்’ என்றானது: இன்னும் நன்றாக ஆடப் பழகு என்று பொருள்.

இதற்கு அறிவியலின் துணையும் இருப்பதுபோலத் தோன்றியது. ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் துணையாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, உயர்ந்த திறனுக்குத் திட்டமிட்ட பயிற்சியே பெருங்காரணம் என்று வாதிட்டது. மால்கம் கிளாட்வெல் 2008இல் அதைப் பத்தாயிரம் மணி நேரம் என்ற எளிய கணக்காக்கினார். கரோல் டுவெக்கின் 2006ஆம் ஆண்டு நூல், திறன் வளரக்கூடியது என்று நம்புகிறவரே வளர்கிறார் என்ற கருத்தைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனது.

பிற்பாடு வந்த கணக்குகள் இவ்வளவு தாராளமாக இல்லை. மக்னமாரா, ஹாம்பிரிக், ஆஸ்வால்ட் மூவரும் 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஆளுக்கு ஆள் காணப்படும் திறன் வேறுபாட்டில் 26 விழுக்காட்டைத்தான் பயிற்சியால் விளக்க முடிந்தது. இசையில் 21, உடல் விளையாட்டில் 18. பயிற்சி முக்கியம்தான், ஆனால் மீதி பெரிது. டுவெக்கின் கருத்தை அமெரிக்கா முழுவதும் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்விலும் பலன் இருந்தது. ஆனால் மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம், சராசரியில் 0.1 புள்ளி அளவுக்கே இருந்தது.

என் பார்வையில் இவற்றையெல்லாம்விட அழுத்தமான சான்று கொபெட், காம்பிதெல்லி இருவரும் 2007இல் அர்ஜென்டீனச் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் கண்டது. மாஸ்டர் தரத்தை அடைய ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000க்கும் மேல் தேவைப்பட்டது. இந்த எண்களைக் குரோருட்டில் மாறி மாறி வரும் வேலை நேரங்களுக்கிடையே வாரம் மூன்று மணி நேரம் கிடைக்கும் ஒருவருக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதலாமவரின் பாதை அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள். இரண்டாமவரின் பாதை ஏறத்தாழ நூற்று நாற்பத்தேழு ஆண்டுகள். ‘முயன்றால் முடியும்’ என்பது இரண்டு பேருக்குமே உண்மையாக இருக்கலாம். இரண்டாமவரின் ஆயுளுக்குள் அது அடங்கவில்லை, அவ்வளவே. திறனின் எல்லை என்று நாம் சொல்வது பல நேரங்களில் கொடுக்க முடியாத ஒரு விலையைத்தான்.

## எல்லை உடம்பில் இருக்கிறது என்போர்

எதிர்த்தரப்பு உடலைக் காட்டுகிறது. தாம்சன், பிளேர், ஹென்றி ஆகியோர் 2014இல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆடும் 16 முதல் 44 வயதுவரையான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். திரையில் புதிய காட்சி தோன்றியதற்கும் கை முதல் செயலைச் செய்ததற்கும் இடையிலான நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குவதாகக் கண்டார்கள். முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர்கள் பலருக்கு இந்த ஆய்வு ஆறுதலாகிவிட்டது: என் பிழை இல்லை, வயது.

ஆறுதல் அவசரமானது. நீண்டது மில்லிநொடிகள்தான். வயது கூடியவர்கள் எளிய வழிகளாலும் கருவியைச் சிக்கனமாகக் கையாள்வதாலும் ஈடுசெய்கிறார்கள் என்றே அந்த ஆய்வாளர்களும் கருதினார்கள். நோர்வேயிலேயே மறுப்பு இருக்கிறது. ‘ரெய்ன்’ என்ற பெயரில் ஆடும் ஹோவர்ட் நீகார்ட், 2022இல் ஆன்ட்வெர்ப்பில் நடந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் பெரும்போட்டியில் தன் அணியோடு வென்று, போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானபோது அவருக்கு வயது 27. ஒருவரை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாதுதான். ஆனால் 24க்குப் பின் கதவு மூடுகிறது என்ற பேச்சை நிறுத்த ஒருவர் போதும்.

உடம்பின் எல்லை என்று நினைத்தது முறையின் எல்லையாக மாறிய கதை ‘டெட்ரிஸ்’ வரலாற்றில் இன்னும் தெளிவாக இருக்கிறது. 1989இல் நின்டென்டோ இயந்திரத்துக்கு வந்த டெட்ரிஸில் 29ஆம் நிலையில் கட்டைகள் விழும் வேகத்துக்கு, பொத்தானை அழுத்திப் பிடித்துக் கட்டையை ஓரத்துக்கு நகர்த்த நேரமே இல்லை. மனிதக் கை அதோடு முடிந்தது என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. பிறகு பெருவிரலை நடுக்கம்போல அதிரவிட்டு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் தட்டும் முறை பரவியது. அதற்கும் பிறகு, கைப்பிடியின் பின்பக்கத்தை மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டி, பொத்தானையே பெருவிரலில் வந்து மோதவைக்கும் முறை வந்தது. 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் 157ஆம் நிலைக்குப் போனான். உறைந்து நின்றது இயந்திரம்தான், அவன் கையல்ல.

நோர்வே ஆய்வாளர் எஸ்பன் ஓர்செத் 1990களிலேயே இந்த இக்கட்டுக்குப் பெயர் கொடுத்தார். விளையாட்டின் அனுபவம் வழியடைப்புக்கும் திடீர்த் திறப்புக்கும் இடையே ஊசலாடுகிறது என்றார் அவர். அடைபட்டு நிற்பவருக்கு, வழி இல்லையா, இருக்கும் வழியைத் தான் காணவில்லையா என்று உள்ளேயிருந்து தெரியாது. தன் எல்லையை ஏற்பதில் உள்ள உண்மையான சிரமம் இங்கேதான் இருக்கிறது. ‘ஏலாது’ என்று உறுதியாகச் சொல்வதற்கு வேண்டிய சான்று, ஆடுகிறவர் கையில் ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை.

அந்தச் சான்றை ஓரளவு சேர்க்க வழி இருக்கிறது. ஸ்டாஃபர்டும் டூவரும் 2014இல், இணையத்தில் ஒரு சிறு விளையாட்டை ஆடிய சுமார் 8.5 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். பயிற்சியை இடைவெளி விட்டு ஆடியவர்களின் திறன், அதே அளவு பயிற்சியை ஒரே மூச்சில் செய்தவர்களைவிட மேலாக இருந்தது. நள்ளிரவு கடந்து நாற்பதாவது தடவை தோற்பவர் அளப்பது தன் களைப்பை. அதைத் தன் திறன் என்று எழுதிவைப்பது தவறு.

## கடினம் யாருடைய முடிவு

மூன்றாவது தரப்பு, ஆடுகிறவரை விட்டுவிட்டு விளையாட்டைக் கேள்வி கேட்கிறது. 2019 மார்ச்சில் வந்த ‘செகிரோ’வில் எளிய நிலை என்று தெரிவு ஏதும் இல்லை. உடற்குறை உள்ளவர்கள் ஆட முடியாதபடி ஒரு கலைப்படைப்பு இருக்கலாமா என்ற விவாதம் அப்போது சூடுபிடித்தது. மறுபக்கம் நின்றவர்கள், தடையை எடுத்துவிட்டால் அங்கே விளையாட்டே இல்லை என்றார்கள்.

இந்த மறுபக்கத்துக்கு ஒரு தத்துவ அடித்தளம் உண்டு. பெர்னார்ட் சூட்ஸ் 1978இல், தேவையற்ற தடைகளைத் தாமாக விரும்பி எதிர்கொள்வதே விளையாட்டு என்று வரையறுத்தார். சி. தி நுயென் 2020இல் அதை விரித்து, பலர் வெற்றிக்காகப் போராடுவதில்லை, போராட்டத்தின் சுவைக்காகத்தான் வெற்றியைக் குறியாக வைத்துக்கொள்கிறார்கள் என்றார். இதை ஏற்றால் ஒரு விளைவு வருகிறது. போராட்டத்தில் சுவை வற்றிவிட்ட இடத்தில், தொடர்வதற்கான காரணமும் போய்விடுகிறது. அங்கே நிறுத்துவது தோல்வியே ஆகாது. கடினத்தைக் காக்க எழுந்த தத்துவம், நிறுத்துகிறவருக்கும் நியாயம் வழங்குகிறது. இரு தரப்பாரும் இதைப் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

டென்மார்க்கின் யெஸ்பர் யூல் 2013இல் எழுதிய தோல்வி பற்றிய சிறு நூல் வேறொரு புள்ளியைத் தொட்டது. விளையாட்டு நம் குறையை நமக்கே காட்டுகிறது, அதை நீக்கிக்கொள்ளும் வாய்ப்பையும் கூடவே நீட்டுகிறது என்பது அவர் கருத்து. பரமபதத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தொண்ணூற்றெட்டில் பாம்பு கடித்து இறங்கிய பிள்ளை தாயக்கட்டையைத் திட்டும், தன்னை நொந்துகொள்ளாது. மலீனியாவிடம் தோற்றவருக்குத் திட்டுவதற்குக் கட்டை இல்லை.

நடுவழி தேடியவர்களும் உண்டு. 2018 ஜனவரியில் வந்த ‘செலஸ்ட்’ மலையேறும் விளையாட்டு, வேகத்தைக் குறைக்கவும், களைப்பில்லாமல் பற்றிக்கொண்டிருக்கவும், சாகாமலே ஆடவும் ஆடுகிறவருக்கே உரிமை கொடுத்தது. கடினத்தை விரும்பியவர்களுக்கு அது கடினமாகவே இருந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், கையசைவு குறைந்தவர்களுக்கென்று பெரிய தட்டுப் பொத்தான்களோடு ஒரு கைப்பிடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த வழியின் பலவீனம் ஒன்றே. எங்கே குறைப்பது என்ற முடிவு ஆடுகிறவர் தலையில் விழுகிறது. சுவரில் முட்டி நிற்பவருக்கு அந்த முடிவை எடுப்பதே ஒரு பாரம்.

## துணையையும் சேர்த்து எடைபோட்டால்

வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறள், எடுத்த காரியத்தின் கனம், தன்னிடம் இருப்பது, எதிரியிடம் இருப்பது, இரு பக்கமும் கூட வருபவர்கள் என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. மேலே கண்ட மூன்று நிலைப்பாடுகளும் முதல் மூன்றை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டவை. நான்காவதான துணையை விவாதம் பெரும்பாலும் ஏமாற்று வேலையாகவே பார்த்திருக்கிறது. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

2022 வசந்தத்தில் தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்புத் துணியோடு, இரண்டு வாள்களை மட்டும் ஏந்திய ஓர் ஆட்டக்காரர் மலீனியாவின் வாசலில் அழைப்புக்குக் காத்திருந்தார். அவரை உலகம் ‘லெட் மீ சோலோ ஹெர்’ என்ற புனைபெயரால் அறியும். யார் அழைத்தாலும் அவர்கள் உலகத்துக்குள் போய், அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லி, தனியாக அவளை வீழ்த்திக் கொடுத்தார். அந்த மே மாதத்துக்குள் ஆயிரம் தடவைக்கு மேல் இதைச் செய்திருந்தார். விளையாட்டின் வெளியீட்டு நிறுவனமே அவருக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது. அழைத்தவர்கள் மலீனியாவை வென்றார்களா? பதிவேட்டில் வென்றார்கள். தங்கள் வலிமை எட்டாது என்று அறிந்து துணையை அழைத்தது, வள்ளுவர் சொன்ன கணக்கில் ஓர் அறிவுதான்.

விளையாட்டை உருவாக்கிய ஹிடேடகா மியாசாகியின் பேச்சும் இதோடு ஒத்துப்போகிறது. தான் திறமையான ஆட்டக்காரர் இல்லை, அடிக்கடி சாகிறவர் என்று அவர் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 2024இல் அதன் விரிவாக்கம் வந்தபோது, விளையாட்டு தரும் உதவிகள் எல்லாவற்றையும் பயன்படுத்தித்தான் தான் ஆடியதாகவும் சொன்னார். அவருடைய பெயரைச் சொல்லியே மற்றவர்களின் உதவியை இழிவுபடுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துணை என்பதன் ஆழத்தை ஒஸ்லோவின் மாட்ஸ் ஸ்டேன் வாழ்க்கை காட்டியதுபோல வேறெதுவும் காட்டவில்லை. 1989இல் பிறந்த அவருக்கு டூஷென் தசைநார்ச் சிதைவு நோய். ஆண்டுக்கு ஆண்டு தசைகள் வலுவிழந்தன. சக்கர நாற்காலி வந்தது. இறுதி ஆண்டுகளில் விரல்களின் சிறு அசைவே எஞ்சியது. அந்த விரல்களால் அவர் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் இபெலின் என்ற பிரபுவாக வாழ்ந்தார். ஸ்டார்லைட் என்ற குழுவில், கதாபாத்திரமாகப் பேசிப் பழகும் ஆட்டமே அவருக்கு முதன்மை. ஒவ்வொரு நாளும் இபெலின் முதலில் செய்வது அந்த உலகத்தைச் சுற்றி ஓர் ஓட்டம். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஓடுவார். தன் நோயைக் குழுவினரிடம் 2013 வரை அவர் சொல்லவில்லை. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்தான் என்று நினைத்திருந்த பெற்றோர், அவருடைய வலைப்பதிவில் மறைவுச் செய்தியை எழுதியதும் பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவிந்தன. சில நண்பர்கள் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். பெஞ்சமின் ரே இயக்கிய ஆவணப்படம் 2024இல் இதை உலகுக்குச் சொன்னது.

மாட்ஸின் கதையை ‘முயன்றால் முடியும்’ பட்டியலில் சேர்ப்பது எளிது. அது அவருக்கு நியாயம் செய்யாது. விரல் வேகத்தில் மற்றவர்களை மிஞ்ச வேண்டிய ஆட்டத்தை அவர் தன் ஆட்டமாகத் தேர்ந்துகொள்ளவில்லை. கேட்பதும், நினைவில் வைப்பதும், வார்த்தை கொடுப்பதும் எண்ணப்படும் இடத்தில் போய் நின்றார். எல்லையை அறிந்து ஏற்றபின் ஒருவருக்கு எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

## மெஸ்ட்ரிங்

நோர்வே மொழியில் இந்த விவாதத்துக்குப் பயன்படும் ஒரு சொல் உண்டு: மெஸ்ட்ரிங். பள்ளிக்கூடச் சந்திப்புகளில் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் சொல். ஒன்றில் தேர்ச்சி பெறுவதும் அது, மாற்ற முடியாத ஒன்றோடு வாழப் பழகுவதும் அது. குரோருட் பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் ஆக்கர் மருத்துவமனையில் 1997இல் நாட்டின் முதல் கற்றல், மெஸ்ட்ரிங் மையம் தொடங்கப்பட்டது. நீண்டகால நோயாளிகள் தங்கள் நோயோடு நாளைக் கடத்தக் கற்கும் இடம் அது. தேர்ச்சிக்கும் ஏற்புக்கும் ஒரே சொல் இருப்பது, இரண்டும் எதிரிகளாகவே இருக்கவேண்டியதில்லை என்று காட்டுகிறது.

சிறுவர் விளையாட்டில் நோர்வே இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. 1987இல் தொடங்கிய அந்த விதிகளின்படி, பிள்ளைகளுக்குப் பதினொரு வயதாகும் ஆண்டுவரை புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 1918இல் தொடங்கிய குரோருட் விளையாட்டுக் கழகத்தின் பந்துத் திடலில் ஒன்பது வயதுப் பிள்ளை எத்தனையாவது இடம் என்று யாரும் அச்சிடுவதில்லை. அதே பிள்ளை வீட்டுக்கு வந்து திரையைத் திறந்தால், முதல் ஆட்டத்திலேயே இடம், புள்ளி, தரநிலை எல்லாம் கண்முன்னே நிற்கின்றன.

இந்த அணுகுமுறைக்கும் பலவீனம் உண்டு. ‘உன் அளவுக்கு இது போதும்’ என்ற பரிவு, எதிர்பார்ப்பையே தாழ்த்திவிடலாம். புலம்பெயர்ந்த குடும்பங்கள் இதை அஞ்சுவதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள்ளன. தன் எல்லையைத் தானே காண்பதும், அதை வேறொருவர் குறித்துக் கொடுப்பதும் ஒன்றாகாது.

## நிறுத்துவதன் உளவியல்

கைவிடுதலை நேராக ஆராய்ந்தவர்களில் கார்ஸ்டன் ரோஷும் அவர் துணையாய்வாளர்களும் முக்கியமானவர்கள். 2003இல் வெளியான அவர்களின் ஆய்வு, எட்டாத இலக்கிலிருந்து விலகும் திறனையும் வேறொரு இலக்கைப் பற்றிக்கொள்ளும் திறனையும் தனித்தனியாக அளந்தது. இரண்டும் மனநலனோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது, ஆர்க்ஸும் புளூமரும் 1985இல் காட்டிய பழக்கம்: ஏற்கெனவே செலவழித்துவிட்டோம் என்பதற்காகவே மேலும் செலவழிப்பது. அறுபது மணி நேரம் போட்ட விளையாட்டை அறுபத்தோராவது மணியில் விட மனம் வராததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ரோஷின் ஆய்வில் இடம்பெற்றவர்களில் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோரும் இருந்தார்கள். அத்தகைய கனமான இழப்புகளிலிருந்து கிடைத்த முடிவை ஒரு விளையாட்டுக்கு அப்படியே கொண்டுவரலாமா என்பது ஐயத்துக்குரியது. விளையாட்டில் இலக்கை விட்டாலும் நாளை திரும்ப எடுக்கலாம். கோப்பு அங்கேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஏற்பு இங்கே இறுதியானதாக இருக்கவேண்டியதில்லை.

ஒஸ்லோவின் கிழக்கில் வேறொரு காரணியையும் சேர்க்கவேண்டும். நகராட்சிப் புள்ளிவிவரங்களில் நெருக்கடியான வீடுகள் தொடர்ந்து அதிகமாகத் தெரியும் பகுதி இது. ஒரு தொலைக்காட்சி, பலர், தம்பிக்குப் படிக்க வேண்டிய நேரம், வார இறுதியில் தமிழ் வகுப்பு. இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் கைப்பிடியை வைத்துவிடும்போது அதைத் திறனின் எல்லை என்று பதிவது பிழையாகிவிடலாம். அது நேரத்தின் எல்லை, இடத்தின் எல்லை.

## திறந்தே இருப்பவை

இதுவரை பார்த்ததிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். பயிற்சி எல்லோரையும் உயர்த்துகிறது, ஒரே உயரத்துக்கு உயர்த்துவதில்லை. வயதின் பாதிப்பு உண்மை, ஆனால் பேசப்படும் அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. களைப்பில் எடுத்த முடிவை இரண்டு நாள் கழித்துச் சோதிக்காமல் எல்லை என்று கொள்வது அவசரம். உதவியை அழைப்பது விளையாட்டைக் கெடுக்கிறது என்பதற்கு நான் அறிந்தவரை வலுவான வாதம் எதுவும் இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் பெரிய கேள்விகளே. ஒருவர் தன் உண்மையான எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதை அவருடைய தோல்விகளின் வடிவத்திலிருந்து கணிக்க முடியுமா? விளையாட்டில் விலகப் பழகியவர் வாழ்க்கையிலும் தக்க நேரத்தில் விலகுவாரா, அல்லது எளிதில் விலகுவாரா? விடாமுயற்சியைக் குடும்ப மானமாகக் கொண்ட சமூகங்களில் இந்த ஆய்வுகள் வேறு முடிவுகளைத் தருமா? இவற்றை நோர்வேத் தமிழ் வீடுகளில் கேட்டுப் பார்க்கும் ஆய்வு பயனுள்ளதாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குறை இருக்கிறது. நம்மிடம் உள்ள தரவு பெரும்பாலும் தொடர்ந்து ஆடியவர்களுடையது. ஸ்டார்கிராஃப்டின் 3,305 பேரும் ஆடிக்கொண்டிருந்தவர்கள். அர்ஜென்டீனச் சதுரங்கக்காரர்களும் அப்படியே. விளையாட்டுகளின் பரிசுப் பதிவேடுகள், ஓர் எதிரியை வென்றவர்கள் எத்தனை விழுக்காடு என்று ஒவ்வொரு நாளும் கணக்குக் காட்டுகின்றன. மீதிப்பேருக்கு அங்கே ஒரே கட்டம்தான், வெறுமையாக. அந்தக் கட்டத்துக்குள் ‘ஏலாது’ என்று விட்டவரும், ‘மாட்டன்’ என்று விட்டவரும், மலீனியாவின் வாசல்வரை வந்து, அவள் நிற்கும் மரத்தின் வேரடியில் சற்று நின்று பார்த்துவிட்டு, ‘போதும்’ என்று திரும்பியவரும் ஒன்றாக இருக்கிறார்கள்.